காலையின் முதல் பீடி

நான் நர்ஸ். வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். பல வருஷம் நெஞ்சு நோய் வார்டிலேயே ஓடியது. அதற்குப் பிறகு செய்த வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

வார்டில் இருந்தபோது ஒரே கதைதான். மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். பீடியை விடச் சொல்வோம். தலையாட்டுவார்கள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் பற்றவைப்பார்கள். மறுபடி வரச் சொன்ன நாளில் வரமாட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கிளியனூரிலிருந்தோ செஞ்சிப் பக்கத்திலிருந்தோ விழுப்புரம் வந்து போவதென்றால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அப்புறம் எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. எங்கள் டாக்டரம்மா ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"அவங்க வரலைன்னா நாம போவோம் சிஸ்டர். போன்ல போவோம்."

மருந்து வைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு போன். கவுன்சலிங்கில் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தினம் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுவேன். வீட்டில் என் கணவர், "பேசறதுக்குச் சம்பளம் குடுக்கற ஆஸ்பத்திரி ஒலகத்துலயே உன்னோடதுதான்" என்பார். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளிலேயே ஒன்று என் கவனத்துக்கு வந்தது. கூலி வேலை செய்பவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கடைக்காரர்கள், இவர்களில் பலர் விழுந்து எழுந்து எப்படியோ பீடியை விட்டுவிடுகிறார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் சிலர்தான் பிடி கொடுக்கவில்லை. ஒரு வாரம் கறாராக இருப்பார்கள். மறு வாரம் முன்பைவிட அதிகமாகப் பீடி குடிப்பார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. விடியும் முன்பே எழுந்து, ஷேவ் பண்ணி, படுக்கையை மூலை மடித்து வைக்கிறவர்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல டாக்டரை அவர் கூப்பிட்டார்.

அந்த டாக்டர் என்னிடம் பதில் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். "அவங்க தூங்கறாங்களா? பக்கத்துல ஏதாவது டமால்னு விழுந்தா என்ன பண்றாங்க? ரூம்ல எந்தப் பக்கம் பாத்து உக்கார்றாங்க?"

அதையெல்லாம் நான் கேட்டுப் பார்த்ததில்லை. அந்த வாரமே போனில் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். தூக்கம் கிடையாது. சத்தம் ஆகாது. வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

"பி.டி.எஸ்.டி. தான்" என்றார் டாக்டர். போரிலோ குண்டுவெடிப்பிலோ மாட்டிக்கொண்டவர்களுக்கு வரும் மன பாதிப்பு. ஆபத்து முடிந்து வருஷக்கணக்கானாலும் உடம்பு அதை நம்பாது. பீடியை இழுத்தால் அந்தப் பதற்றம் கொஞ்ச நேரம் அடங்குவது போலத் தெரியும். "முதல்ல இதுக்கு வைத்தியம் பண்ணுவோம். பீடியை அப்புறம் பாத்துக்கலாம்."

"அது வரைக்கும் அவங்க நுரையீரல் தாங்கணுமே சார்" என்றார் டாக்டரம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "ரெண்டையும் சேத்தே பண்ணலாமே" என்றேன். "வாரா வாரம் நான் பேசறேன். தூக்கத்துக்கும் பயத்துக்கும் சார் வழி சொல்லட்டும். மாத்திரை, நிகோடின் சூயிங்கம் மேடம் குடுக்கட்டும். பேஷண்ட் அவங்கவங்க வீட்லயே இருக்கட்டும்."

அப்படித்தான் கிளியனூர் ஹவில்தார் என் வாழ்க்கைக்குள் வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நேராக வந்தவர் அவர் மனைவி. அவருக்குத்தான் மூச்சிழுப்பு. ஊசி போட்டு உட்காரவைத்தபோது, "எனக்கு ஊசி போட்டு இன்னா சிஸ்டர் புண்ணியம்? வீடு பூரா அவரு பொகைதான்" என்றார். கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். வந்து சில வருஷம் ஆகிறது. சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார்கள். "நல்ல மனுசன் சிஸ்டர். கைநீட்டினது இல்ல, சாராயம் தொட்டது இல்ல. பீடி மட்டும்தான். ஆனா ஆஸ்பத்திரின்னு சொன்னா எழுந்து போயிடுவாரு. என்னிய மெண்டல்னு எழுதிக் குடுத்துடுவாங்கம்பாரு." சொல்லிவிட்டு அவர் நம்பரைக் கொடுத்தார்.

நான் கூப்பிட்டேன்.

"யாரு நம்பர் குடுத்தது?"

"உங்க வீட்டம்மாதாங்க. நான் விழுப்புரத்துலர்ந்து நர்ஸ்..."

வைத்துவிட்டார். மறு வாரம் கூப்பிட்டேன். வைத்துவிட்டார். அதற்கு மறு வாரம் அவர் வைப்பதற்குள் வேகமாகச் சொன்னேன்: "பீடிய விடுங்கன்னு சொல்ல மாட்டேன் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னைக்குக் கடைசியா பத்த வெச்சீங்களே, அதுக்கு முன்னாடி இன்னா நடந்தது?"

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரோட்ல ஒரு டிராக்டர் போச்சு" என்றார்.

"அப்புறம்?"

"டீசல் வாசன வந்துது. அவ்ளோதான் மேடம்." பிறகு அவராகவே கேட்டார்: "அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு கேக்க மாட்டீங்களா?"

"நீங்க சொன்னா கேப்பேன்."

அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை. மல்லாட்டைக்கு மழை போதவில்லை என்று பேசினார். அடுத்த வாரம் நான் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தார்.

தன் கொல்லி நிலத்தில் இருக்கும் மோட்டார் கொட்டாய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் என்னிடம் பேசுவார். பின்னால் சுவர் இருக்கிறது, முன்னால் வரப்பு வரைக்கும் எல்லாம் தெரிகிறது. அந்த இடத்தில் அவருக்குப் பயமில்லை. ஒரு தடவை சொன்னார்: "உங்க எதுருல நாற்காலில ஒக்காந்துக்கினு இருந்தேன்னா ஒரு வார்த்த வந்திருக்காது சிஸ்டர். கதவ பாத்துக்கினே இருந்திருப்பேன்." அதற்குள் மேடம் போய் சிஸ்டர் ஆகிவிட்டிருந்தேன். ஆள் எதிரில் இல்லாமல் என்ன வைத்தியம் என்று ஆஸ்பத்திரியில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரை எதிரில் உட்காரவைத்திருந்தால் வைத்தியமே நடந்திருக்காது.

படிப்படியாகப் போனோம். மனநல டாக்டர் அவரோடு போனில் தனியாகப் பேசி, பிறகு மனைவியிடம் மாத்திரை கொடுத்தனுப்பினார். தூக்கம் கொஞ்சம் பிடித்தது. டாக்டரம்மா நிகோடின் சூயிங்கம் அனுப்பினார். அதை மிட்டாய் போல மென்று தள்ளாமல், காரம் வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். "வெத்தல பாக்கு மாதிரி" என்று பிடித்துக்கொண்டார். டீசல் வாசனையோ வெடிச் சத்தமோ வந்தால், பீடியைத் தொடுவதற்கு முன் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது டாக்டர் சொன்ன பயிற்சி. முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஒரு நாள் நான் லைனில் இருக்கும்போதே ரோட்டில் ஏதோ டயர் வெடித்தது. அவர் மூச்சு மாறியது எனக்கே கேட்டது.

"சொல்லுங்க சார். எதிர்ல இன்னா இருக்குது?"

"வரப்பு... கொக்கு... என் செருப்பு... மல்லாட்ட... எம்பொண்டாட்டி பொடவ காயுது..."

"எந்த ஊரு இது?"

"கிளியனூரு." கொஞ்சம் கழித்து, "கிளியனூருதான் சிஸ்டர்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

பீடி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் காலையில் குடிக்கும் முதல் பீடியை மட்டும் அவரால் விட முடியவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சூயிங்கம், மோர், நடை, எதுவும் எடுபடவில்லை. ஒரு நாள் நேராகவே கேட்டேன்: "அந்த ஒண்ணுல இன்னா சார் இருக்குது?"

"அது எனுக்கு இல்ல" என்றார். "அவனுக்கு."

அப்போதுதான் முழுசாகச் சொன்னார். வடக்கே, மலைப் பாதையில் வரிசையாக லாரிகள் போகின்றன. இவருக்கு முன் வண்டியை ஓட்டியவர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர்க்காரர். ஒரே ரெஜிமெண்ட், ஒரே பாஷை, கூடப் பிறந்தவர் மாதிரி. டீ குடிக்க வண்டிகள் நின்றபோது அவர் வந்து ஒரு பீடி கேட்டிருக்கிறார். இவரிடம் இருந்தது ஒரு பீடிதான். "அடுத்த ஸ்டாப்ல தர்றேன் போடா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அடுத்த ஸ்டாப் வரவில்லை. பாதையில் புதைத்து வைத்திருந்த குண்டு முன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"அன்னிலர்ந்து காலைல மொத பீடி அவனுக்குத்தான் சிஸ்டர். அத விட்டுட்டா அவன விட்ட மாதிரி."

போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவரும் வைக்கவில்லை. என் ஃபேன் சுற்றும் சத்தம் அவருக்கும், அவர் மோட்டார் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: "அவரு வீட்டுக்கு அப்புறம் போனீங்களா?"

"அவன் சாமான் பொட்டிய கொண்டாந்து குடுத்தேன். அதோட சரி. அவன் பொண்டாட்டி, அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்க முடியல. அது ஆச்சு, எத்தினியோ வருசம்."

போங்கள் என்று நான் சொல்லவில்லை. மனநல டாக்டரிடம் சொன்னேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் அந்தப் பயணத்தைப் பற்றி மாதக்கணக்கில் அவரோடு பேசினோம். எந்த பஸ், எங்கே உட்காருவது, கூட்டமாக இருந்தால் என்ன செய்வது, அந்தம்மா கோபப்பட்டால் என்ன செய்வது, அழுதால் என்ன செய்வது என்று. அவராக ஒரு நாள், "வெள்ளிக்கெழம போறேன் சிஸ்டர்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது அவர் நம்பர் மின்னியது. எடுத்தால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். அதற்கு நடுவில் அவர் குரல். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"சிஸ்டர், நான் விழுப்புரத்துலதான் இருக்கறேன். வரட்டுமா?"

"ஜல்தி வாங்க சார்!" என்று கத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றேன். யாரைத் தேடுவது என்று அப்போதுதான் உறைத்தது. ஆறடி ஆள், முறுக்கு மீசை என்று நானாக ஒரு உருவத்தை வைத்திருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் என் உயரம்தான் இருப்பார். கண்ணாடி போட்டு, வெள்ளை முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். என்னைத் தாண்டிப் போய், உள்ளே இருந்த பெண்ணிடம், "போன் சிஸ்டர் எங்கம்மா?" என்று கேட்டார். குரலைக் கேட்டதும் ஓடினேன்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவரோரமாக இருக்கும் பெஞ்ச்தான். தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

திருவாமாத்தூர்க் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போனாராம். அந்தம்மா ஒரு பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டு, உட்காரவைத்து, கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே பீடி விஷயத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பிறகு, "பீடி கேட்டாரா?" என்றிருக்கிறார். "என்கிட்ட சத்தியம் பண்ணிட்டுல்ல போனாரு! கடைசி லீவுல வந்தப்ப, பெரியவன் தலைல அடிச்சி, இனிமே தொட மாட்டேன்னாரே!"

"அப்புறம் சிஸ்டர், அந்தப் பொண்ணு சிரிக்குது. அழுதுக்கினே சிரிக்குது. 'திருட்டு மனுசன், திருட்டு மனுசன்'னு சொல்லிக்கினு சிரிக்குது. எனுக்கும் தாங்கல. ரெண்டு பேரும் சிரிக்கறோம், பக்கத்து வீட்ல வந்து எட்டிப் பாக்கறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெளம்பறப்ப சொல்லுது, 'நீங்க குடுக்காததே நல்லதுண்ணா. சத்தியத்தோட போனாரு'ன்னு."

பக்கத்தில் ஜனங்கள் சீட்டு வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். நான் என் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவர் அந்த பீடியைப் பற்றவைக்கவில்லை. அதற்கு மறுநாளும். அவர் மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று டாக்டரம்மா ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னபோது, புகை இல்லாத மூச்சு என்று காட்டியது. அவர் மனைவி அந்தக் கருவியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். தீபாவளி வந்தது. கிளியனூரில் தெருவுக்குத் தெரு வெடிச் சத்தம். சாயங்காலம் போன் அடித்தது.

"தோத்துட்டேன் சிஸ்டர். ஒரு கட்டு காலி."

"அத என்கிட்ட சொல்லணும்னு தோணுச்சில்ல?"

"தோணுச்சி."

"முன்னெல்லாம் நான் கூப்பிட்டாலே வெச்சிடுவீங்க. இன்னைக்கு நீங்களே கூப்பிட்டு சொல்றீங்க. இது தோக்கறதா சார்?"

"நாளைக்கு காலைல பேசறீங்களா?" என்றார். பேசினேன். அன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அடுத்த தீபாவளிக்கு நாங்கள் முன்கூட்டியே திட்டம் போட்டோம். பொம்மையார்பாளையத்தில் அவர் மைத்துனி வீடு இருக்கிறது, கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். புருஷனும் பெண்டாட்டியும் முறுக்கு டப்பாவோடு போய் அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்குள் வெடித்ததெல்லாம் அலைச் சத்தத்தில் பாதி கரைந்துபோனதாம். "பேஜாராத்தான் இருந்துது சிஸ்டர், ஆனா ஒக்காந்துட்டாரு" என்று அவர் மனைவி அங்கிருந்தே போனில் சொன்னார். பின்னால் இவர், "ரெண்டு மணி நேரமா அலைய எண்ணச் சொல்றா" என்று புகார் சொல்லும் குரல் கேட்டது. அந்த வருஷம் பீடி இல்லை. பிறகும் இல்லை.

கனவுகள் முழுசாகப் போகவில்லை. வாசலைப் பார்த்துத்தான் இன்னும் உட்காருகிறார். ஆனால் அந்தம்மாவின் இழுப்புக்கு ஊசி போட்டு நாளாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை திருவாமாத்தூர் போய் வருகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செஞ்சிப் பக்கத்திலிருந்து இன்னொரு பட்டாளத்துக்காரர் எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் என்ன கேட்டாலும், "உங்குளுக்கு இன்னாம்மா தெரியும்?" என்பார். அது சரிதான், எனக்கு என்ன தெரியும்? டாக்டர்கள் இரண்டு பேரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்றதும் ஹவில்தாரைக் கேட்டேன். "நீங்க ஒரு தடவ பேசறீங்களா சார்?"

"நானா? நான் இன்னா டாக்டரா?" என்றார். பிறகு, "லைன் போடுங்க" என்றார்.

மூன்று பேரும் ஒரே லைனில். தமிழில் ஆரம்பித்தார்கள். ரெஜிமெண்ட் பேர், போஸ்டிங் போன இடம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு சட்டென்று இந்திக்குத் தாவிவிட்டது. எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. ஹவில்தார் நடுவில் ஒரு தடவை, "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, இது தமிழ்ல வராது" என்றார். பேசுங்கள் என்றேன். போனைக் கீழே வைக்கவும் முடியாது, ஒன்றும் புரியவும் இல்லை. செஞ்சிக்காரர் முதலில் கத்தினார். பிறகு குரல் தணிந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். அந்த மௌனம் மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. கிளியனூர்க்காரரோடு எத்தனையோ தடவை அதில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். செஞ்சிக்காரர் தானாகவே மறுபடி பேச ஆரம்பித்தார்.

முடிந்ததும் ஹவில்தார் லைனை விட்டுப் போய்விட்டார். செஞ்சிக்காரர் மட்டும் இருந்தார். தமிழில் கேட்டார்:

"சிஸ்டர், அடுத்த வாரம் எத்தினி மணிக்குக் கூப்புடுவீங்க?"

அன்று சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்றவர், "இன்னாம்மா, தனியா சிரிச்சிக்கினு வர்றீங்க?" என்று கேட்டார். வேலை நல்லா நடந்ததுங்க என்றேன். என்ன வேலை என்றார். திண்டிவனம் வந்து சேரும் வரை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.